உள்ளூர் அறக்கட்டளைகள் சமூக அமைப்புகளுக்கு எப்படித் துணை நிற்கின்றன? நீதி கேட்டுப் போராடுபவர்களுக்கும் பணம் தருவார்களா?

கேள்வி: வாடகைக்குக் குடியிருப்பவர்களின் உரிமைக்காக ஐந்து பேர் சேர்ந்து ஒரு சிறிய அமைப்பு நடத்துகிறோம். எங்கள் பகுதியில் ஓர் அறக்கட்டளை இருக்கிறது. இப்படிப்பட்ட அறக்கட்டளைகள் உண்மையில் என்ன செய்கின்றன? உரிமை, நீதி என்று பேசும் எங்களுக்கும் உதவுவார்களா, இல்லை மருத்துவ முகாம், படிப்புதவி என்பதோடு நிறுத்திக்கொள்வார்களா?

பதில்:

உதவுவார்கள். ஆனால் எல்லா அறக்கட்டளைகளும் உதவுவதில்லை. உதவுகிறவர்களிடமும் எப்படிப் பேசுவது என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். நான் முதலில் சில ஆண்டுகள் ஒரு சிறிய அமைப்புக்காக விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தேன். அப்புறம் விண்ணப்பங்களைப் படித்து யாருக்கு நிதி கொடுக்கலாம் என்று பரிந்துரைக்கும் குழுவில் இருந்தேன். இரண்டு பக்கமும் பார்த்த பிறகு எனக்கு உறுதியாகத் தோன்றுவது இது: எவ்வளவு தருகிறார்கள் என்பது இரண்டாவது விஷயம். யார் முடிவு செய்து தருகிறார்கள், எத்தனை ஆண்டுக்குத் தருகிறார்கள், எதற்குச் செலவழிக்க விடுகிறார்கள் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

உள்ளூர் அறக்கட்டளை என்ற ஒரே பெயருக்குள் வெவ்வேறு வகைகள் இருக்கின்றன. ஒரு குடும்பமோ ஒரு நிறுவனமோ தன் பணத்தைப் போட்டு, தானே அறங்காவலர்களை வைத்து நடத்துவது ஒரு வகை. ஊரில் பலர் கொடுத்த பெரிய தொகை, சிறிய தொகை எல்லாவற்றையும் ஒரே நிதியாகத் திரட்டி, அந்த ஊருக்காகவே செலவிடுவது இன்னொரு வகை. இதைச் சமூக அறக்கட்டளை என்று சொல்கிறார்கள். உங்கள் பகுதியில் இருப்பது எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். முன்னதில் ஒரு குடும்பத்தின் மனம் அசைந்தால் போதும். பின்னதில் ஒரு குழுவையே இணங்கச் செய்ய வேண்டும். ஆனால் அந்தக் குழு ஊருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது.

இந்தச் சமூக அறக்கட்டளை என்ற யோசனை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அதன் பலமும் பலவீனமும் புரியும். 1914-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் பிரெடெரிக் காஃப் என்ற வங்கித் தலைவர் இதைத் தொடங்கினார். பணக்காரர்கள் உயில் எழுதும்போது "இந்தப் பணம் இந்த ஒரு காரியத்துக்கு மட்டும்" என்று கட்டிப்போட்டுவிட்டு இறந்துபோவார்கள். ஐம்பது வருடத்தில் அந்தக் காரியமே இல்லாமல் போய்விடும், பணம் மட்டும் முடங்கிக் கிடக்கும். இதை நேரில் பார்த்தவர் அவர். பெஞ்சமின் பிராங்க்ளின் போன்ற அறிவாளிக்கே இது நடந்தது. 1790-இல் இறந்தபோது பாஸ்டனுக்கும் பிலடெல்பியாவுக்கும் தலா 1,000 பவுண்டு எழுதிவைத்தார். தொழில் பயின்று முடித்த, திருமணமான இளம் கைவினைஞர்களுக்குக் கடனாகக் கொடுக்க வேண்டும், இருநூறு வருடம் இது தொடர வேண்டும் என்பது ஏற்பாடு. கொஞ்ச காலத்திலேயே ஆசானிடம் ஆண்டுக்கணக்கில் தங்கித் தொழில் கற்கும் வழக்கமே மறையத் தொடங்கியது. கடன் வாங்க வருகிறவர்களும் குறைந்துபோனார்கள்.

காஃப் செய்த மாற்றம் எளிமையானது. வங்கி முதலீட்டைப் பார்த்துக்கொள்ளும். யாருக்குக் கொடுப்பது என்பதைத் தனிக்குழு ஒன்று அந்தந்தக் காலத் தேவையைப் பார்த்து முடிவு செய்யும். அந்தக் குழுவில் சிலரை நகரின் மேயரும் நீதிபதிகளும் நியமிப்பார்கள். கனடாவின் வின்னிபெக் நகரில் 1921-இல் இதேபோல ஒன்று தொடங்கியபோது முதல் நன்கொடையாக வந்தது ஒரு வங்கியாளர் கொடுத்த ஒரு லட்சம் டாலர். சில ஆண்டுகள் கழித்து, பெயர் சொல்லாத ஒரு பெண் மூன்று தங்க நாணயங்களை உறையில் போட்டுக் கொடுத்தார். மதிப்பு 15 டாலர். இரண்டும் ஒரே நிதியில் சேர்ந்தன. சமூக அறக்கட்டளை என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் சொல்லும் கதை இதுதான்.

சரி, பணம் எப்படி வெளியே வருகிறது? பெரும்பாலான அறக்கட்டளைகள் தங்கள் மூலநிதியைத் தொடுவதில்லை. அதைக் கார்பஸ் என்பார்கள். அதை முதலீடு செய்து, வரும் வருமானத்திலிருந்துதான் நிதியுதவி தருகிறார்கள். அமெரிக்காவில் தனியார் அறக்கட்டளைகள் தங்கள் சொத்து மதிப்பில் ஆண்டுக்குச் சுமார் 5 சதவீதத்தையாவது அறப்பணிக்குச் செலவிட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. 1969-இல் வந்த வரிச் சட்டத் திருத்தத்தில்தான் இந்தக் கட்டாயம் பிறந்தது. நல்ல விதிதான். ஆனால் பலர் அந்தக் குறைந்தபட்ச அளவையே உச்சவரம்பாக வைத்துக்கொள்கிறார்கள்.

மீதி 95 சதவீதம் எங்கே இருக்கிறது என்பதையும் கேட்க வேண்டும். உங்களைப் போன்ற அமைப்புக்கு இது முக்கியமான கேள்வி. ஓர் அறக்கட்டளை ஒரு கையால் குடியிருப்போர் உரிமைக்கு நிதி தந்துகொண்டு, தன் மூலநிதியை ஏழைக் குடும்பங்களை வெளியேற்றி லாபம் பார்க்கும் வீட்டுமனை நிறுவனத்தின் பங்குகளில் போட்டிருக்கலாம். அதை யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. முதலீட்டைப் பார்ப்பவர் ஒருவர், நிதியுதவியைப் பார்ப்பவர் வேறொருவர், இருவரும் பேசிக்கொள்வதில்லை, அவ்வளவுதான். பிரிட்டனில் லாங்கெல்லி சேஸ் என்ற அறக்கட்டளை இந்தக் கேள்வியைத் தன்னிடமே கேட்டுக்கொண்டது. 2023-இல், தன்னிடம் இருந்த ஏறத்தாழ 13 கோடி பவுண்டையும் நீதிக்காக உழைக்கும் அமைப்புகளிடம் கொடுத்துவிட்டுத் தன்னையே கலைத்துக்கொள்ளப்போவதாக அறிவித்தது. எல்லோரும் அப்படிச் செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. முதலீட்டுக் கொள்கையை வெளிப்படையாக வைக்கவாவது எல்லோராலும் முடியும்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். சமூக அறக்கட்டளையில் இருக்கும் பணம் எல்லாம் அதன் குழு விரும்பியபடி கொடுக்கக்கூடிய பணம் இல்லை. நன்கொடையாளர் பெயரில் தனிக் கணக்கு இருக்கும், அவர் சொல்லும் இடத்துக்குத்தான் அந்தப் பணம் போகும். சில கணக்குகள் ஒரு குறிப்பிட்ட பள்ளிக்கோ மருத்துவமனைக்கோ என்று பூட்டப்பட்டிருக்கும். குழு தானாக முடிவு செய்யக்கூடிய பங்கு பல இடங்களில் சிறியது. ஆகவே ஆண்டறிக்கையில் பெரிய தொகையைப் பார்த்துவிட்டு, இவ்வளவு வைத்துக்கொண்டு நமக்குத் தர மறுக்கிறார்களே என்று வருத்தப்படாதீர்கள். "குழு சுதந்திரமாகத் தரக்கூடிய நிதி எவ்வளவு?" என்று நேரடியாகக் கேளுங்கள். தவறாக நினைக்கமாட்டார்கள்.

இப்போது, நல்ல உள்ளூர் அறக்கட்டளை என்ன செய்யும் என்பதற்கு வருகிறேன். சிறிய அமைப்புகளைச் சாகடிப்பது பெரும்பாலும் வேலையில் தோல்வி அல்ல. வாடகை, மின்கட்டணம், கணக்கு எழுதுபவரின் சம்பளம் ஆகியவைதான். ப்ராஜெக்டுக்கு என்று பணம் தருகிறவர்கள் அதிகம். நூறு பேருக்குப் பயிற்சி, பத்துக் கூட்டம், ஒரு கையேடு என்றால் தருவார்கள். அந்தப் பயிற்சியை நடத்துகிற பெண்ணுக்குச் சம்பளம் எங்கிருந்து வரும் என்றால் பதில் இருக்காது. "நிர்வாகச் செலவு 10 சதவீதத்துக்கு மேல் கூடாது" என்று ஒரு வரி போட்டுவிடுவார்கள். அந்த வரிக்குப் பயந்து அமைப்புகள் உண்மையான செலவைக் குறைத்துக் காட்டுகின்றன. குறைத்துக் காட்டியதைப் பார்த்து அடுத்த நன்கொடையாளர் இன்னும் குறைவாகத் தருகிறார். இப்படியே நல்ல ஊழியர்கள் களைத்துப்போய் விலகிவிடுகிறார்கள். நானும் அப்படி ஒரு கணக்கு எழுதியிருக்கிறேன். அரை சம்பளத்தைக் காட்டி முழு வேலை வாங்கினோம். அந்த ஊழியர் எட்டு மாதத்தில் போய்விட்டார். அவரோடு அந்தப் பகுதி மக்களின் நம்பிக்கையும் போனது. இன்றுவரை எனக்கு அது உறுத்துகிறது.

அதனால் நிபந்தனையற்ற நிதி, அதுவும் மூன்று ஐந்து ஆண்டுகளுக்குச் சேர்த்துத் தரும் நிதி, சிறிய தொகையாக இருந்தாலும் பெரிய ப்ராஜெக்ட் தொகையைவிட மேலானது. 2020-இல் கொரோனா வந்தபோது அமெரிக்காவில் பல நூறு அறக்கட்டளைகள் சேர்ந்து, ஏற்கெனவே கொடுத்த ப்ராஜெக்ட் நிதியின் நிபந்தனைகளைத் தளர்த்துகிறோம், அறிக்கைகளைக் குறைக்கிறோம் என்று உறுதிமொழி கொடுத்தன. அந்த அவசரத்தில் யார் யாருக்கு என்ன தேவை என்று தெருவில் நிற்கும் அமைப்புக்குத்தான் தெரியும் என்பதை ஒப்புக்கொண்டார்கள். அந்த உண்மை பெருந்தொற்றுக் காலத்துக்கு மட்டும் உரியதல்ல.

காசோலைக்கு வெளியேயும் உதவி இருக்கிறது. இன்னும் பதிவு செய்யாத குழுவுக்கு, பதிவு பெற்ற அமைப்பு ஒன்றின் கணக்கில் பணத்தை வாங்கிப் பயன்படுத்த வழி செய்து தருவார்கள். அரசிடமிருந்து வரவேண்டிய தொகை தாமதமானால் இடைக்காலக் கடன் தருவார்கள். கூட்டம் நடத்த இடம், தணிக்கையாளர், வழக்கறிஞர் தொடர்பு என்று சிறிய சிறிய உதவிகள் உண்டு. இவற்றைச் சொல்லிக் கடந்துபோய்விடலாம். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்: ஆய்வு. கிளீவ்லாந்து அறக்கட்டளை தன் ஆரம்ப ஆண்டுகளில் செய்த முக்கியமான வேலைகள் நகரத்தின் பள்ளிகளையும் குற்றவியல் நீதிமன்றங்களையும் ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கைகள்தான். 1922-இல் வெளியான நீதித்துறை ஆய்வை நடத்தியவர்கள் ராஸ்கோ பவுண்ட், பீலிக்ஸ் பிராங்க்பர்ட்டர் என்ற இரு சட்ட அறிஞர்கள். பின்னவர் பிற்பாடு அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியானவர். ஓர் ஊரில் எத்தனை குடும்பங்கள் எந்தக் காரணத்தால் வீட்டைவிட்டு வெளியேற்றப்படுகின்றன என்ற கணக்கு உங்கள் கையில் இருந்தால், அதிகாரிகள் முன் நீங்கள் பேசுவது வெறும் முறையீடாக இருக்காது. அந்தக் கணக்கை எடுக்க ஓர் அறக்கட்டளை செலவு செய்தால் அது பெரிய உதவி.

இணை நிதி என்ற ஒன்றையும் கேள்விப்படுவீர்கள். நீங்கள் ஒரு பங்கு திரட்டுங்கள், நாங்கள் ஒரு பங்கு தருகிறோம் என்பார்கள். மக்களின் பங்கேற்பை வளர்க்கும் என்பது இதன் நியாயம். ஆனால் இதில் ஒரு வலி இருக்கிறது. ஜூலியஸ் ரோசன்வால்ட் என்ற அமெரிக்கத் தொழிலதிபரின் நிதி 1910-களிலிருந்து 1930-கள் வரை அமெரிக்கத் தென்மாநிலக் கிராமங்களில் கறுப்பினக் குழந்தைகளுக்காக ஏறத்தாழ 5,000 பள்ளிகள் எழும்ப உதவியது. அந்த நிதி தந்தது சுமார் 43 லட்சம் டாலர். அந்த ஏழை மக்கள் தங்கள் கையிலிருந்து போட்டது அதைவிட அதிகம், சுமார் 47 லட்சம். அவர்கள் கட்டிய வரி தனி. வெள்ளையர் பிள்ளைகளுக்கு அரசு கட்டிக்கொடுத்த பள்ளிக்காகவும் வரி கட்டிவிட்டு, தங்கள் பிள்ளைகளுக்காக இன்னொரு தடவையும் கட்டினார்கள். பள்ளிகள் வந்தன, தலைமுறைகள் படித்தன, அது பெரும் சாதனை. ஆனால் இல்லாதவர்களிடம் பாதியைக் கேட்பது எப்போதும் நியாயமா என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. உங்களிடம் இணை நிதி கேட்டால், தன்னார்வலர்களின் உழைப்பு நேரத்தையும் பங்காகக் கணக்கிட முடியுமா என்று கேளுங்கள். பலர் ஒத்துக்கொள்வார்கள்.

இனி நீங்கள் கேட்டதன் மையத்துக்கு வருவோம். 1904-இல் இங்கிலாந்தின் யார்க் நகரில் சாக்லேட் ஆலை நடத்திய ஜோசப் ரவுன்ட்ரீ தன் அறக்கட்டளைகளை நிறுவியபோது ஒரு குறிப்பு எழுதிவைத்தார். ஊரில் கஞ்சித்தொட்டிக்கு நிதி கிடைப்பதில் சிரமமே இல்லை, ஆனால் வறுமை எவ்வளவு, ஏன் என்று விசாரிக்கப் போனால் ஆதரவு கிடைக்காது என்பது அதன் சாரம். நூற்றிருபது ஆண்டுகள் ஆகியும் அது அப்படியேதான் இருக்கிறது. பசிக்கு உணவு கொடுப்பதை யாரும் எதிர்ப்பதில்லை. ஏன் பசி என்று கேட்டால் யாரோ ஒருவர் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. உள்ளூரில் அந்த "யாரோ ஒருவர்" அறக்கட்டளையின் போர்டிலேயே உட்கார்ந்திருக்கலாம். வீட்டுச் சொந்தக்காரர்களும் ஆலை முதலாளிகளும் ஊரின் பெரிய நன்கொடையாளர்களாக இருப்பது இயல்பு. உள்ளூர் அறக்கட்டளை உங்களுக்கு நெருக்கமாக இருப்பதுதான் அதன் பலம், அதே நெருக்கம்தான் அதைத் தயங்கவும் வைக்கிறது.

இந்தத் தயக்கத்தை உடைக்கச் சிலர் முடிவெடுக்கும் அதிகாரத்தையே கைமாற்றினார்கள். 1974-இல் பாஸ்டனில் தொடங்கிய ஹேமார்க்கெட் மக்கள் நிதியும், 1976-இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய லிபர்ட்டி ஹில் அறக்கட்டளையும் வாரிசுச் சொத்து பெற்ற இளைஞர்கள் முன்கை எடுத்து உருவாக்கியவை. யாருக்கு நிதி என்பதை முடிவு செய்யக் களத்தில் வேலை செய்யும் செயல்பாட்டாளர்களையே உட்கார வைத்தார்கள். பாலஸ்தீனத்தில் 2007-இல் உருவான டாலியா சங்கம் கிராம மக்களைக் கூட்டி, எந்தக் குழுவுக்குப் பணம் என்று அவர்களையே தீர்மானிக்க வைத்தது. நேபாளத்தில் 1990-களின் நடுவில் ரீட்டா தாப்பா தொடங்கிய தேவா என்ற அமைப்பு, நேபாள மக்களிடமே சிறுகச் சிறுகப் பணம் திரட்டிக் கிராமப்புறப் பெண்கள் குழுக்களுக்குக் கொடுத்தது. வெளிநாட்டுப் பணத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்று அந்தப் பெண்கள் காட்டினார்கள். நான் குழுவில் இருந்தபோது, தானே ஒரு காலத்தில் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்ட ஒருவர் எங்களோடு உட்கார்ந்த நாளிலிருந்து விவாதத்தின் தன்மையே மாறியது. நாங்கள் "இந்தத் திட்டம் நிலைத்து நிற்குமா" என்று கேட்டுக்கொண்டிருந்தோம். அவர் "இவர்கள் இரவில் கூப்பிட்டால் வருவார்களா" என்று கேட்டார்.

நீதிக்கான வேலையில் பலன் எப்போது வரும் என்று சொல்லமுடியாது. 1922-இல் சார்லஸ் கார்லண்ட் என்ற இளைஞர் தனக்கு வந்த பரம்பரைச் சொத்து ஏறத்தாழ பத்து லட்சம் டாலரை வைத்துக்கொள்ள மறுத்து ஒரு நிதியமாக்கினார். அந்த நிதியம் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய என்.ஏ.ஏ.சி.பி. அமைப்புக்குச் சட்டப் போராட்டத் திட்டம் வகுக்கப் பணம் தந்தது. அதைக் கொண்டு 1931-இல் ஒரு வழக்கறிஞர் எழுதிய அறிக்கையிலிருந்து கிளம்பிய வழக்குகளின் தொடர்ச்சிதான், பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று 1954-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு. கார்லண்ட் நிதியமோ 1941-இலேயே பணத்தையெல்லாம் செலவழித்து மூடப்பட்டுவிட்டது. ஆண்டுக்கு ஒருமுறை விளைவைக் காட்டு என்று அவர்கள் கேட்டிருந்தால் காட்டுவதற்கு என்ன இருந்திருக்கும்?

அறக்கட்டளைப் பணம் மட்டும் போதாது என்பதற்கும் ஒரு சாட்சி உண்டு. 1955 டிசம்பரில் அமெரிக்காவின் மான்ட்கோமரி நகரில் கறுப்பின மக்கள் பேருந்துகளில் இருந்த இனப்பிரிவினையை எதிர்த்துப் பேருந்தைப் புறக்கணித்தபோது, ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரப் பெண் தோழிகளைச் சேர்த்து உணவு சமைத்து விற்று, வாரந்தோறும் கூட்டத்தில் பணத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். எங்கிருந்து வந்தது என்று கேட்டால் "எங்கிருந்தும் இல்லை" என்பார்கள். அதுவே அந்தக் குழுவின் பெயராகவும் ஆனது. கொடுத்தவர்களின் வேலை போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த மறைப்பு. 381 நாள் நடந்த அந்தப் போராட்டத்தில் மக்களை ஏற்றிச்சென்ற வண்டிகளுக்கு அந்தப் பணமும் எரிபொருள் போட்டது. உங்கள் வருமானத்தில் ஒரு பங்காவது, குறைவாக இருந்தாலும், நீங்கள் யாருக்காக உழைக்கிறீர்களோ அவர்களிடமிருந்து வரட்டும். அறக்கட்டளை ஒரு நாள் கைவிட்டாலும் நிற்க அது உதவும்.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பல நாடுகளில் அறப்பணி அமைப்புகள் தேர்தலில் ஒரு கட்சிக்காகவோ வேட்பாளருக்காகவோ வேலை செய்யக் கூடாது. அதற்காக உரிமை விழிப்புணர்வு, ஆய்வு, வழக்கு, அதிகாரிகளிடம் முறையிடுவது எல்லாம் தடை என்று அர்த்தமில்லை. பயந்த போர்டுகள் இரண்டையும் குழப்பிக்கொள்கின்றன. உங்கள் நாட்டு விதியை எழுத்தில் எடுத்துக்கொண்டு போங்கள். வெளிநாட்டு நிதி என்றால் கூடுதல் கவனம் வேண்டும். இந்தியாவில் 2020-இல் திருத்தப்பட்ட சட்டப்படி, வெளிநாட்டு நன்கொடை பெறும் அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்கு மாற்றித்தர முடியாது. நிர்வாகச் செலவு வரம்பும் 50 சதவீதத்திலிருந்து 20-ஆகக் குறைக்கப்பட்டது. பெரிய அமைப்பு வாங்கிச் சிறிய குழுக்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் வழி அதோடு அடைபட்டது. அதனால்தான் அங்கே உள்ளூர்ப் பணத்தின் தேவை இன்னும் கூடியிருக்கிறது.

உங்கள் விஷயத்தில் நான் என்ன செய்வேன் என்று சொல்கிறேன். விண்ணப்பம் எழுதும் முன்பே அறக்கட்டளையில் நிதியுதவியைக் கவனிக்கும் அலுவலரைச் சந்திக்க நேரம் கேட்பேன். கடந்த மூன்று ஆண்டில் யாருக்குக் கொடுத்தார்கள் என்ற பட்டியலைப் படித்துவிட்டுப் போவேன். அதில் உங்களைப் போன்ற ஓர் அமைப்பு இருந்தால் அவர்களிடம் முதலில் பேசுவேன். அறிக்கை எவ்வளவு கேட்கிறார்கள், சிக்கல் வந்தபோது கூட நின்றார்களா என்று அவர்கள் மறைக்காமல் சொல்வார்கள். சந்திப்பில் உண்மையான செலவைச் சொல்வேன், சம்பளத்தையும் வாடகையையும் சேர்த்து. வெளியேற்றப்படும் நிலையில் இருந்த ஒரு குடும்பத்தை நீங்கள் எப்படித் தங்கவைத்தீர்கள் என்பதை, அவர்கள் சம்மதித்தால் அவர்களையே அழைத்துப்போய்ச் சொல்லவைப்பேன். போர்டில் வீட்டுச் சொந்தக்காரர்கள் இருந்தால் அதையும் முன்கூட்டியே பேசிவிடுவேன்: "உங்களில் சிலருக்கு எங்கள் வேலை சங்கடமாக இருக்கலாம், அப்போது முடிவு எப்படி எடுப்பீர்கள்?" இந்தக் கேள்விக்கு அவர்கள் தரும் பதிலை வைத்து, விண்ணப்பம் எழுதும் மூன்று வார உழைப்பைப் போடலாமா வேண்டாமா என்று அன்றைக்கே முடிவு செய்துவிடலாம்.